கடையில் ஒன்று, சுவரில் வேறொன்று

“ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு, எதையாவது ஒண்ண அடிச்சிற வேண்டியதுதானே?” பெயின்ட் அடிக்கும் காலத்தில் நாகர்கோவில் வடசேரியில் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. ஷேட் கார்டைப் புரட்டிப் புரட்டி, மஞ்சள், ரோஸ், பிஸ்தாப் பச்சை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கடைசியில் இரண்டு கட்டங்களில் வந்து நிற்பார்கள். ஒன்றில் வெள்ளையோடு துளி நீலம். இன்னொன்றில் வெள்ளையோடு துளி சாம்பல். உற்றுப் பார்த்தால் அதில் பச்சையும் லேசாகத் தட்டும். வீட்டுக்காரர் ஒன்றைச் சொல்வார், வீட்டம்மாள் மற்றதைச் சொல்வார். ஒருவழியாக ஒன்றை எடுத்து அடித்து முடித்த பிறகு பட்டாசாலையில் நின்று பார்த்தால், கார்டில் பார்த்த நிறமாகவே அது இருக்காது.

குற்றம் கம்பெனி மேலும் இல்லை, பெயின்டர் மேலும் இல்லை. அடர்ந்த நிறம் எந்த வெளிச்சத்திலும் தன்னை ஓரளவு காட்டிக்கொள்ளும். வெளிர்ந்த குளிர்நிறத்துக்கு அந்த வலு கிடையாது. அதில் வண்ணம் கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பங்கு அறைக்குள் வரும் வெளிச்சத்தினுடையது. ஆகவே இரண்டு வெளிர் நிறங்களில் ஒன்றைத் தேர்வதற்கு முதலில் நம் வீட்டு வெளிச்சத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் நின்று அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இந்த விஷயத்தில் ஊரில் புழங்கும் நம்பிக்கைகளில் சிலவற்றை எடுத்துப் பார்க்கலாம்.

“கார்டில் இருப்பதுதான் சுவரில் வரும்”

வராது. கார்டில் இருப்பது இரண்டு விரல் அகலக் கட்டம். சுவரில் வருவது நான்கு பக்கமும் நம்மைச் சூழ்ந்து நிற்கிற நிறம். கன்னியாகுமரிக் கடலில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு பாருங்கள், நிறமே இருக்காது. அதே தண்ணீர் கடலாக நிற்கும்போது நீலம். வானத்தின் பிம்பம்தான் அந்த நீலம் என்று சொல்லிவந்த காலத்தில், 1921-இல் மத்தியதரைக் கடலில் கப்பலில் போன சி.வி. ராமன், நிகோல் பட்டகம் ஒன்றைக் கண்ணில் வைத்து, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வானத்தை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை. அது தண்ணீருக்குள்ளேயே இருந்தது. தம்ளரில் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது, அவ்வளவுதான்.

அறைக்குள்ளும் அப்படித்தான். ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து சீலிங்குக்கு ஏறி, மறுபடி கீழே இறங்குகிறது. படும் ஒவ்வொரு முறையும் சுவரின் சாயலைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறது. கார்டில் “நீலம் இருக்கா இல்லையா” என்று தேடவேண்டியிருந்த நிறம், நான்கு சுவரிலும் ஏறியதும் கண்ணைப் பிடித்து இழுக்கும் நீலமாவது இதனால்தான். கார்டில் நூலிழை வித்தியாசம் உள்ள இரண்டு நிறங்கள் வீட்டுக்குள் வந்ததும் தனித்தனிக் குணம் காட்டுவதும் இதனால்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய எண் ஒன்று உண்டு. எல்.ஆர்.வி. என்று கார்டின் பின்புறத்திலோ கம்பெனி விவரக் குறிப்பிலோ போட்டிருப்பார்கள். சுவர் தன்மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கைத் திருப்பித் தருகிறது என்பதுதான் அது. கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. எண் 80 என்றால் 100 பங்கு வெளிச்சம் முதல் சுவரில் பட்டு 80 ஆகத் திரும்பும். அடுத்த சுவரில் 64, அதற்கடுத்ததில் 51. எண் 60 என்றால் அதே மூன்று முறையில் 60, 36, 22. இரண்டாவது திருப்பத்திலேயே பாதிக்கும் கீழே போய்விடுகிறது. முன்னும் பின்னும் மட்டுமே வெளிச்சம் வருகிற, சுவரோடு சுவர் ஒட்டிய பழைய தெரு வீடுகளில் நடு அறைக்குக் கிடைப்பது இந்த இரண்டாம் மூன்றாம் கை வெளிச்சம்தான். அங்கே நீலமா சாம்பலா என்ற சண்டைக்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். இரண்டில் எண் கூடுதலாக இருப்பதை எடுங்கள் என்பேன்.

அதேநேரம், “வெளிர் நிறம் அடித்தால் இருட்டறை வெளிச்சமாகிவிடும்” என்பதை முழுக்க நம்பவேண்டாம். வருகிற வெளிச்சத்தைத்தான் சுவர் திருப்ப முடியும். வெளிச்சமே வராத அறையில் வெளிர் நீலம் அழுக்குச் சாம்பலாகத்தான் நிற்கும். மங்கலில் நம் கண் நிறத்தைப் பிரித்தறிவதே குறைந்துவிடுகிறது.

“வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த நிறம் ஆகாது”

இப்போது பரவலாகக் கேட்கும் அறிவுரை இது. ஐரோப்பா, அமெரிக்காவில் எழுதியதை அப்படியே இங்கே இறக்கிவைத்திருக்கிறார்கள். லண்டன் 51 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான். டிசம்பரில் அடிவானத்துக்கு மேல் 15 பாகை அளவுக்குத்தான் ஏறும். வடக்கு அறைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீல வானத்தின் சிதறிய வெளிச்சம். அந்த ஊரில் வடக்கு அறைக்கு நீலம் அடித்தால் குளிர்ந்து வெளிறிப்போகும் என்பது உண்மைதான்.

நாகர்கோவில் 8 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். அதன்பிறகு ஆகஸ்டு முடியும்வரை நமக்கு வடக்கே நிற்கும். செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகும். ஜூன் மாதத்தில் நண்பகலில் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும், மேகம் விலகிய நாளில், வடக்கு ஜன்னலுக்குள் சாய்வாக எட்டிப் பார்க்கும். டிசம்பர் நண்பகலில்கூட நமக்குச் சூரியன் 58 பாகை உயரத்தில். லண்டன்காரருக்கு வடக்கு, தெற்கு என்று இருக்கிற பேதம் வடசேரிக்கு அந்த அளவில் இல்லை.

நமக்குப் பெரிய பேதம் கிழக்குக்கும் மேற்குக்கும்தான். மேற்கு ஜன்னல் உள்ள அறையில் மாலை நாலரைக்கு வரும் வெயில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். துளி நீலம் கலந்த வெள்ளை அந்த வெயிலில் நீலத்தை இழந்து வெறும் சாம்பலாகவோ, சற்றுப் பச்சையாகவோ தெரியும். காலையில் அதே சுவர் அத்தனை நீலமாக இருந்ததே என்று தோன்றும்.

அதைவிட முக்கியமானது, சூரியன் உயரத்தில் நிற்பதால் நம் வீடுகளுக்குள் நேர்வெயில் வருவது குறைவு. வருவது தரையிலும் மரத்திலும் அடுத்த வீட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே தென்னையும் வாழையும் நின்றால் அறைக்குள் வருவது பச்சை வெளிச்சம். வீட்டுக்குப் பின்னால் வயல் இருந்தால், நாற்று நட்ட மாதத்தில் ஒரு நிறம், அறுவடை மாதத்தில் இன்னொரு நிறம். எதிர்வீட்டுக்காரர் மாம்பழ மஞ்சள் அடித்திருந்தால் அதில் ஒரு பங்கு நம் வீட்டுக்கும் உண்டு. உள்ளே பழைய சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் சுவரின் கீழ்ப்பாதி லேசாக ரோஸ் தட்டும். நீலம் கலந்த வெள்ளை அங்கே வயலட்டாகத் தெரியும். இரண்டில் எது என்ற கேள்விக்குத் திசையைவிட ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் பதில் சொல்லும். தென்னந்தோப்பைப் பார்த்த அறைக்குப் பச்சை தட்டும் சாம்பலை அடித்தால் பச்சை இன்னும் ஏறும். அங்கே நீலம் கலந்ததே மேல். சிவப்புத் தரை அறைக்கு நேர்மாறாகப் பச்சை தட்டும் சாம்பல் நன்றாக ஒத்துப்போகும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருதடவை போய்வரலாம். மந்திரசாலையின் ஜன்னல்களில் நிறமேற்றிய மைக்கா பதித்திருக்கும், தரை கண்ணாடிபோல மினுங்கும் கறுப்பு. அங்கே அடங்கித் தெரிகிற வெள்ளை, முற்றத்தை ஒட்டிய சுவரில் கண் கூசும்.

“ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல அடிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்”

பெயின்டர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் இரண்டு வெளிர் நிறங்களைத் தேர்வதில் நம்மை அதிகம் ஏமாற்றுவதும் இந்த முறைதான். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார் மிஷேல் யூஜீன் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலுக்குச் சாயம் சரியில்லை, மங்குகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை மங்கச் செய்தன. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும் என்பதை விரிவாக ஆராய்ந்து 1839-இல் புத்தகமாக்கினார்.

வடசேரிக்கு இது புதிய செய்தி அல்ல. கோவில் நகைக்குப் பேர்போன ஊர். நாகர்கோவில் கோவில் நகை என்று புவிசார் குறியீடே உண்டு. நகைக்கடையில் தங்கத்தை ரோஸ் நிறத் தாளில் வைத்துக் காட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அந்தத் தாளில் வைத்த தங்கமும் வெள்ளைத் தாளில் வைத்த தங்கமும் ஒரே தங்கமாகத் தெரிவதில்லை. கெம்புக் கல்லைச் சுற்றித் தங்கப் பட்டை கட்டுகிற ஆசாரிக்கு இது கைப்பாடம்.

சுவரில் நீல வெள்ளையும் சாம்பல் வெள்ளையும் ஒட்டி நிற்கும்போது, நீலம் தன் பக்கத்துச் சாம்பலை மஞ்சளாகத் தள்ளும். “இது அழுக்கா இருக்கே” என்று வீட்டம்மாள் ஒதுக்குவார். சாம்பல் தன் பக்கத்து நீலத்தை இன்னும் நீலமாக்கும். “இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு” என்று வீட்டுக்காரர் ஒதுக்குவார். இரண்டு பேரும் ஒதுக்கியது இல்லாத குறையை. நாளைக்கு அந்த அறையில் ஒரு நிறம்தான் இருக்கப்போகிறது. ஒப்பிட அடுத்தது இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் தனியாக, மற்றது கண்ணில் படாமல் பார்க்கவேண்டும்.

கூடவே அறையில் மாறாமல் இருக்கப்போவதை மறக்கவேண்டாம். அயனிப் பலகைக் கதவும் பலா மரக் கதவுநிலையும் உள்ள வீடு என்றால், அந்த மரத்தின் பழுப்பு மஞ்சள் பக்கத்துச் சுவரை நீலமாகத் தள்ளும். வெறும் சாம்பலே அங்கே போதுமான நீலமாகத் தெரியும். அதற்கு மேலும் நீலம் சேர்ப்பது அதிகப்படி.

“லைட் எதுவானாலும் நிறம் ஒண்ணுதான்”

பல்பு அட்டைப் பெட்டியில் 3000 கே, 4000 கே, 6500 கே என்று போட்டிருக்கும். எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள், கூடினால் நீலம். கடைகளிலும் நம்மில் பெரும்பாலோர் வீட்டிலும் எரிவது 6500. கடையில் அந்த டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்து எடுத்த நிறத்தை, புதிதாகச் சீலிங் வேலை செய்து 3000 மஞ்சள் விளக்குப் போட்ட அறையில் அடித்தால், வாங்கியது வேறு வந்தது வேறு என்றுதான் இருக்கும்.

இதற்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கடை வெளிச்சத்தில் அச்சுஅசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு சாம்பல்கள் வீட்டு வெளிச்சத்தில் பிரிந்து போகலாம். மெட்டமெரிசம் என்று இதற்குப் பெயர். ஒரே சாம்பலை வெறும் கறுப்புச் சேர்த்தும் உண்டாக்கலாம். நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் துளித்துளியாகச் சேர்த்தும் உண்டாக்கலாம். கண்ணுக்கு ஒன்று, உள்ளடக்கம் வேறு. விளக்கு மாறினால் உள்ளடக்கம் வெளியே வந்துவிடும்.

அதனால் ஒன்று செய்யுங்கள். டிண்டிங் மிஷினில் நிறம் கலக்கிற தம்பியிடம், இந்த நம்பருக்கு எந்தெந்தக் கலர் எவ்வளவு விழுகிறது என்று திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். “ஏம் தம்பி, இதுல மஞ்சள் விழுதா?” என்று கேட்டால் போதும், பார்த்துச் சொல்வார்கள். நீலத்தோடு மஞ்சள் ஆக்சைடு விழுந்தால் அந்த நிறம் பச்சைப் பக்கம் சாயக்கூடியது. சிவப்போ மெஜந்தாவோ விழுந்தால் வயலட் பக்கம். வெள்ளை பேஸில் கறுப்பு மட்டும் விழுந்தால் லேசான நீலச் சாயலோடு நிற்கும். கார்டில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அந்தத் திரையில் எழுத்தில் தெரிகிறது. இதைக் கேட்டுவிட்டுத் தேர்ந்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் திடமான எண்ணம்.

“தாத்தாவுக்குக் கண் மங்கிப்போச்சு, அவருக்கு என்ன தெரியும்?”

இப்படிப் பேசவேண்டாம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. நீல ஒளியை அது கொஞ்சம் தடுக்கிறது. மூளை ஓரளவு பழகிக்கொண்டாலும், வெளிர் நீலத்தின் நுட்பமான வேறுபாடுகளைப் பிரிப்பது முதியவர்களுக்குக் கடினமாகிறது. பேத்திக்குக் கண்ணைக் குத்தும் நீலம் தாத்தாவுக்கு வெள்ளையாகத் தெரியலாம். இருவரும் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் “சுவரெல்லாம் நீலமா இருக்கே” என்று வியப்பது இதன் மறுபக்கம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு, நிறங்கள் நீலமாகத் தெரிகின்றன என்று மிகவும் சங்கடப்பட்டார். அந்த அறையில் நாள் முழுக்க இருக்கப்போவது யார் என்று பாருங்கள். அவர் கண்தான் அந்த அறைக்குக் கணக்கு.

போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பி நிறம் கேட்பது பயன்படாது. போன் கேமரா எடுக்கும்போதே வெளிச்சத்தின் நிறத்தைத் தானாகச் சமன் செய்துவிடும். நீங்கள் காட்ட நினைத்த அந்தத் துளி நீலத்தைத்தான் அது முதலில் துடைத்துப் போடும்.

“நீலம் அடித்தால் ரூம் குளிரும்” என்பதற்கும் ஆதாரம் பலமாக இல்லை. உள்சுவரின் நிறத்தால் தெர்மாமீட்டர் இறங்காது. குளிர்ந்ததுபோன்ற எண்ணம் சிலருக்கு வரலாம். வெக்கை இறங்குவது மொட்டைமாடித் தட்டட்டியிலிருந்து. வெள்ளையை அங்கே அடியுங்கள், நிச்சயம் பலன் உண்டு.

“நீலம் போட்டால் வெள்ளை கூடும்”

இது பழையவர்களின் நம்பிக்கை. இது சரி. பொங்கலுக்கு முன் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சிறு துணியில் முடிந்து அதில் அலசி, மட்டையால் வெள்ளையடித்த வீடுகள் இங்கே எத்தனையோ. அந்த நீலம் அல்ட்ராமரீன். ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானின் லாபிஸ் லாசுலிக் கல்லை அரைத்து, பொன்னுக்குச் சமமாக விற்றது. 1820-களில் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கற்ற பிறகு துவைக்கிற வீடுகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. சுண்ணாம்பின் லேசான மஞ்சளை நீலம் அடித்துவிடுகிறது. அளந்து பார்த்தால் சுவர் திருப்பும் வெளிச்சம் துளி குறையத்தான் செய்கிறது. ஆனால் கண்ணுக்கு வெண்மை கூடுகிறது. இன்று கம்பெனிகள் வெள்ளைப் பெயின்டில் நீலமும் வயலட்டும் சேர்ப்பது இதே கணக்கில்தான். நீலத்தைத் துணியில் முடியாமல் நேரே கொட்டினால் சுவரில் திட்டுத்திட்டாக நிற்கும் என்பதும் அந்தப் பழையவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, இரண்டில் ஒன்றை எப்படித்தான் எடுப்பது? இரண்டிலும் சின்ன டப்பா வாங்குங்கள். பழைய சுவரில் நேரே பூசவேண்டாம். அடியில் இருக்கும் பழைய நிறம் ஊடுருவித் தெரியும். பட்டி பார்த்துப் பிரைமர் அடித்த பலகையிலோ தடித்த வெள்ளை அட்டையிலோ, கை அகலத்துக்கும் பெரிதாக, இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் ஓரங்குலம் வெள்ளை விடுங்கள். காயும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். எமல்ஷன் ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும், காய்ந்தால் சற்று இருளும். பிறகு மேஜைமேல் கிடத்தாமல், சுவரோடு நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஜன்னல் பக்கச் சுவரிலும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் தனித்தனியாக. காலை, நண்பகல், மாலை, இரவில் விளக்குப் போட்டு. நமக்கு இரண்டு மழைக்காலம். முடிந்தால் ஒரு வெயில் நாளிலும் ஒரு மேகமூட்ட நாளிலும். ஒன்று இரண்டு நாள் இருக்கட்டும், அதை எடுத்து வைத்துவிட்டு மற்றது இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகு, வைத்திருப்பது எது என்று அட்டையின் பின்னால் திருப்பிப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால், உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. எல்.ஆர்.வி. கூடியதையோ விலை குறைந்ததையோ எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

சுவரில் ஈரம் கசிந்தாலோ உப்புப் பூத்திருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யவேண்டும். ஈரத்தின் பழுப்புக் கறையை வெளிர் நிறம்போல எதுவும் காட்டிக்கொடுக்காது. புதுப்பூச்சு என்றால் நன்றாக ஆறிய பிறகே பட்டி.

வெளிர் நிறத்துக்கு மிஷின் விடுகிற சாயம் லிட்டருக்குச் சில சொட்டுகள்தான். அரைச் சொட்டு முன்பின் ஆனாலும் வாளிக்கு வாளி வித்தியாசம் வரும். ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே நாளில் கலக்கி வாங்கி, எல்லா வாளியையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சியதை இறுக மூடி, கலர் நம்பர், எந்த பேஸ், அடித்த மாதம் மூன்றையும் மூடியில் எழுதி வைத்தால், இரண்டு வருஷம் கழித்து ஆணி பிடுங்கிய இடத்தில் பூச உதவும்.